நாள் பார்த்துக் கொடுப்பது

ஹைதராபாதில் ரத்தத்துக்கும் பருவகாலம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள். முகாமுக்கு வரும் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது கையை நீட்டிப் படுக்க யாருக்கும் மனம் வராது. ரம்ஜான் மாதத்தில் பழைய நகரத்தின் வழக்கமான கொடையாளர்கள் நோன்பில் இருப்பார்கள். மழைக்காலத்து ஆகஸ்ட், செப்டம்பரில் டெங்கு வந்துவிடும். அப்போது எல்லோரும் கேட்பது தட்டணுக்களை. இதற்கு நேரெதிரான நாட்களும் உண்டு. ஆகஸ்ட் 22 சிரஞ்சீவியின் பிறந்தநாள். ரசிகர்கள் வரிசையில் நிற்பார்கள். மொஹரம் நாட்களில் ஷியா இளைஞர்கள் முகாம் நடத்துவார்கள். அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாள். அன்றைக்கு அலுவலகங்கள் பேனர் கட்டும். மறுவாரம் அவிழ்த்துவிடும்.

முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஏற்ற இறக்கத்தைப் படுக்கையில் படுத்தபடி பார்த்துவருகிறேன். என் ரத்தம் பி பாசிட்டிவ். தெருவுக்குப் பத்துப் பேரிடம் இருக்கும் சாதாரண ரத்தம். ஓ நெகட்டிவ்காரர்களுக்கு ஒரு மவுசு உண்டு. 1952-இல் மருத்துவர் பெண்டேயும் அவர் குழுவினரும் உலகுக்கு அறிவித்த, அரிதான பம்பாய் ரத்த வகைக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம், பத்திரிகைக்காரர்களே வீடு தேடி வருவார்கள். என்னைத் தேடி யாரும் வந்ததில்லை. "நம்மகிட்ட இருக்கறது எல்லார்கிட்டயும் இருக்கே, நாம போகாட்டி என்ன" என்று எனக்கே தோன்றியிருக்கிறது. ரத்த வங்கியின் டெக்னீஷியன் ஒருவர்தான் அந்த நினைப்பைக் கலைத்தார். கொடுப்பவர்களில் பி பாசிட்டிவ் அதிகம் என்றால் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளிலும் அதே கணக்கில் அதிகம். அதனால் தினம் காலியாகிற அலமாரி உங்களுடையதுதான் என்றார்.

1991-இல் வங்கி வேலையில் மாற்றலாகி திருச்சியிலிருந்து சிகந்தராபாத் வந்தேன். பத்மாராவ் நகரில் வீடு. ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கு நடந்துபோகும் தூரம். அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. காய்கறிக்காரர் தமிழில் விலை சொல்வார், நான் புதிதாகக் கற்ற தெலுங்கில் பேரம் பேசுவேன்.

வந்த புதிதில் உடன் வேலை பார்த்தவரின் மனைவிக்குப் பிரசவம். குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பை ஏற்ற வேண்டும், பதிலுக்கு இரண்டு பேர் வந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய சொந்தக்காரர்கள் கம்மத்திலிருந்து வந்துசேர இரவாகும். கவுன்டரை அப்படியே விட்டுவிட்டு நானும் காசாளரும் ஸ்கூட்டரில் போனோம்.

மருத்துவமனை வாசலுக்கு எதிரே ஓர் இரானி ஹோட்டல். அதன் வெளிப்பெஞ்சில் நாலைந்து பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் ஒருவன் எழுந்துவந்து "எத்தனை வேணும், எந்த க்ரூப்?" என்று உருதுவில் கேட்டான். முதலில் எனக்கு விளங்கவில்லை. காசாளர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். பெஞ்சில் இருந்தவர்கள் ரத்தம் விற்று வாழ்பவர்கள், எழுந்துவந்தவன் தரகன்.

உள்ளே மேஜைமேல் கண்ணாடிக் குவளையில் நீல நிறத் திரவம். தாமிர சல்பேட் கரைசல். விரல் நுனியைக் குத்தி எடுத்த துளியை அதில் விடுவார்கள். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்கு மேல் இருந்தால் துளி நேராக அடியில் இறங்கும். குறைந்தால் மிதக்கும், அல்லது தயங்கித் தயங்கி இறங்கும். எனக்கு முன்னால் நின்றவரின் துளி மேலேயே நின்றது. அந்தப் பெஞ்சு ஆட்களில் ஒருவர் அவர். நகக்கண் வெளுத்திருந்தது; முழங்கை மடிப்பில் ஊசித் தழும்புகள் வரிசையாக. யாரோ நோயாளியின் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தார். இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினார். அனுப்பிவிட்டார்கள். என் துளி கல் மாதிரி இறங்கியது. அன்று எனக்கு நினைவில் தங்கியது ஊசி ஏறிய வலியைவிட அந்த இரண்டு துளிகளின் வித்தியாசம்தான். அவர் பசிக்காகக் கொடுக்க வந்தார், கொடுக்கக் கொடுக்க அவருடைய ரத்தம் தண்ணீராகிக்கொண்டிருந்தது. அதை ஏற்றிக்கொள்பவருக்கும் அதனால் முழுப் பயன் கிடைக்காது.

சக ஊழியரின் மனைவி பிழைத்துக்கொண்டார். இந்த ஊரில் அது எல்லோருக்கும் வாய்த்ததில்லை. நிஜாம் வீட்டு மருமகளான இளவரசி நிலோஃபரின் பணிப்பெண் பிரசவத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில்தான் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு மருத்துவமனை வேண்டும் என்று இளவரசி நின்றார். ரெட் ஹில்ஸில் 1953 முதல் நடந்துவரும் நிலோஃபர் மருத்துவமனை அப்படி வந்ததுதான்.

ரத்தத்துக்குக் கூலி என்பதும் இங்கே பழைய கதை. பேகம்பேட்டையில் ரொனால்ட் ராஸ் கொசுக்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மலேரியா நோயாளியான ஹுசேன் கான் தன் உடம்பைக் கொசுக்களுக்குக் கொடுத்தார்; கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. அவர் ரத்தம் குடித்த கொசுவின் வயிற்றில்தான் 1897 ஆகஸ்ட் 20 அன்று ராஸ் மலேரியாக் கிருமியைக் கண்டார். ராஸுக்கு 1902-இல் நோபல் பரிசு வந்தது. நல்லகுண்டா ஃபீவர் ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஹுசேன் கானுக்கு அணாக்கள் கிடைத்தன. எனக்கு ஒரு மழைக்காலத்தில் மலேரியா வந்து, குணமான பிறகும் மூன்று மாதம் ரத்தம் எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பியபோது இந்தக் கதையை அங்கிருந்த செவிலியருக்குச் சொன்னேன். இன்றும் எடுக்கிற ஒவ்வொரு பையிலும் எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, பால்வினை நோயான சிஃபிலிஸ் ஆகியவற்றோடு மலேரியாவுக்கும் சோதனை கட்டாயம்.

பெஞ்சு ஆட்களை அப்புறப்படுத்தியது ஒரு வழக்கு. 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 4 அன்று தீர்ப்பளித்தது. உரிமம் இல்லாத ரத்த வங்கி எதுவும் இயங்கக் கூடாது, காசுக்கு ரத்தம் வாங்குவதை இரண்டு ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்றது. 1998 ஜனவரி 1 முதல் தடை அமலுக்கு வந்தது. அதே 1998-இல் இந்த ஊரில் இரண்டு காரியங்கள் நடந்தன. தலசீமியா குழந்தைகளின் பெற்றோர்களும் மருத்துவர்களும் கூடித் தலசீமியா - சிக்கிள் செல் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அக்டோபர் 2 அன்று சிரஞ்சீவி ரத்த வங்கி திறக்கப்பட்டது. விற்பவர்களை விலக்கிவிட்டால் கொடுப்பவர்கள் வேண்டுமே! கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றிய கூட்டம் ரத்தம் கொடுக்க வந்தது. அலுவலகத்தில் நாங்கள் ரஜினி கட்சி. ஆனாலும் அந்த வருடம் தெலுங்கு நண்பர்களிடம் வாயை மூடிக்கொண்டோம்.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமலில்லை. திருச்சியிலிருந்து அம்மா வந்திருந்தபோது கையில் பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டாள். "ஏண்டா, நான் ஊட்டி வளத்த ரத்தத்த முன்னப் பின்னத் தெரியாதவனுக்குக் குடுத்துட்டு வர்றியே, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" மூன்று நாள் ஈரல் வறுவலும் முருங்கைக்கீரையும் போட்டாள். எடுப்பது 350 மில்லி, எடை 55 கிலோவுக்கு மேல் என்றால் 450 மில்லி. உடம்பு திரவத்தை ஓரிரு நாளில் நிரப்பிக்கொள்ளும், சிவப்பணுக்கள் ஊற சில வாரம் ஆகும், அதனால்தான் ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி கீரை வைத்தாள்.

என் மனைவிக்கு என்னைவிட ஆர்வம் அதிகம். ஆனால் அவள் துளி மிதந்தது. மறுபடி போனபோதும் மிதந்தது. முகாம்களில் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். கல்லூரிப் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு கும்பலாக வருவார்கள். விரலைக் குத்தியதும் பாதிப் பேர் முகம் தொங்கத் திரும்பிப் போவார்கள். ரத்ததான முகாம் நம் வீட்டுப் பெண்களின் சோகையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மனைவி இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கத்தை நிறுத்தி, ஒரு வருடம் கழித்துக் கொடுத்தாள். அன்று எனக்கு அவள் வாங்கிக் கொடுத்த ஒஸ்மானியா பிஸ்கட்டில் கொஞ்சம் கர்வம் கலந்திருந்தது.

இவ்வளவு இருந்தும் முதல் பதினைந்து வருடம் நான் கூப்பிட்டால் ஓடுகிற ஆள்தான். யாராவது போன் செய்வார்கள், போவேன். திரும்பும்போது மனசு நிறைந்திருக்கும். நோயாளியின் உறவினர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார். அந்தக் கண்ணீர் ஒரு போதை என்று பிறகுதான் தெரிந்தது.

2007 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை மாலை. லும்பினி பூங்காவிலும் கோட்டி கோகுல் சாட் கடையிலும் குண்டு வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டி.வி.யில் ரத்தம் தேவை என்ற எழுத்து ஓடத் தொடங்கியதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் போன ரத்த வங்கியின் வாசலில் கூட்டம் சாலைவரை நின்றது. தாடி வைத்த பெரியவர்கள், நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள், ஆட்டோக்காரர்கள், சாஃப்ட்வேர் பையன்கள். இரண்டு மணி நேரம் நின்ற பிறகு வயதான மருத்துவர் ஒருவர் வெளியே வந்தார். தேவையானது கிடைத்துவிட்டது, எல்லோரும் பெயரும் க்ரூப்பும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு. ஒரு பையன், "இவ்ளோ நேரம் நின்னோமே சார், எடுத்து வெச்சுக்குங்க" என்றான். அவர் பொறுமையாகச் சொன்னார்: "எடுத்து எவ்வளவு நாள் வைக்க? சிவப்பணு 42 நாள். தட்டணு 5 நாள். இன்னிக்கு எல்லாரும் கொடுத்துட்டா அடுத்த மூணு மாசம் ஒருத்தரும் கொடுக்க முடியாது. உங்க கோபம் எனக்குப் புரியுது. அத அக்டோபர்ல கொண்டாங்க."

கூட்டம் கலைந்தது. நான் அக்டோபரில் போனேன். தசராவும் ரம்ஜானும் நெருங்கிய நாட்கள் அவை. உள்ளே நான்கு படுக்கை, மூன்று காலி. மருத்துவருக்கு என்னை ஞாபகம் இல்லை. நான் ஞாபகப்படுத்தவும் இல்லை.

அந்த அக்டோபருக்குப் பிறகு போன் வந்தாலும் வராவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்விடுவது என்று வைத்துக்கொண்டேன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். வித்யாநகரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ரத்த வங்கி, நாராயணகுடாவில் ஐ.பி.எம். எனும் நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனம் என்று வீட்டுக்கும் வேலைக்கும் வழியில் இருந்த இடங்கள். அவசரம் இல்லாத நாளில் கொடுப்பதில் கண்ணீரும் இல்லை, கைகுலுக்கலும் இல்லை. ஒரு ஃப்ரூட்டி, நாலு பிஸ்கட், ஒரு கையெழுத்து. யாருக்குப் போகிறது என்று தெரியாது. ஒரு பையைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று மூன்றாகப் பிரித்துவிடுகிறார்கள். மூன்று பேர் மூன்று வார்டில் இருப்பார்கள். பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து என் முகம் பழகிய அட்டெண்டர் மட்டும், "ஆ கயே பாய்?" என்பார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

யாருக்குப் போகிறது என்று தெரிந்தது தலசீமியா சொசைட்டிக்குப் போனபோது. முன்பு பழைய நகரத்தில் புரானி ஹவேலி பக்கம் இருந்தது. இப்போது ராஜேந்திரநகர் சிவராம்பள்ளியில். எங்கள் வங்கிக் கிளை நடத்திய முகாமின் தொடர்பில் ஒரு நாள் அங்கே போக நேர்ந்தது. கூடம் முழுக்கக் குழந்தைகள். கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, மறு கையால் ஒரு பெண் கணக்கு வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பொடியன் செல்போனில் கார்ட்டூன். அழுகை இல்லை, பழகிவிட்டது. இந்தக் குழந்தைகளின் உடம்பால் சரியான ஹீமோகுளோபினை உண்டாக்க முடியாது. இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை, ஆயுள் முழுக்க, வெளியிலிருந்து ஏற்றியாக வேண்டும். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்றத் தினமும் தனி மருந்து.

ஆதிலாபாத் பக்கத்திலிருந்து இரவு பஸ்ஸில் பையனோடு வந்திருந்த தகப்பனார் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "எமர்ஜென்சின்னா ஓடிவர ஆள் இருக்காங்க சார். எங்களுக்கு எமர்ஜென்சி இல்ல. எங்க பையனுக்கு எந்தத் தேதில ரத்தம் வேணும்னு அடுத்த வருஷத்துக்கும் சேத்து நான் இப்பவே சொல்லிடுவேன். அந்தத் தேதில அலமாரில இருந்தாப் போதும்" என்றார் தெலுங்கில். ரத்ததானத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே தெளிவான பேச்சு அதுதான். குண்டுவெடிப்புக்கு நாள் குறிக்க முடியாது. ஆனால் இந்தக் குழந்தைகளுக்கும், ரெட் ஹில்ஸ் எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ எடுப்பவர்களுக்கும், நாளைக் காலை அறுவைக்குப் பெயர் எழுதியவருக்கும் தேவை முன்கூட்டியே தெரிந்தது. தெரிந்த தேவைக்குத் தெரிந்த தேதியில் கொடுத்துவைத்தால், தெரியாத விபத்துக்கும் அலமாரியில் மிச்சம் இருக்கும். 2013 பிப்ரவரியில் தில்சுக்நகரில் குண்டு வெடித்த இரவில் காயம்பட்டவர்களுக்கு முதலில் ஏற்றியது யாரோ முந்தைய வாரங்களில் கொடுத்துவிட்டுப் போன ரத்தம்தானே? சோதனை முடியாத ரத்தத்தை யாருக்கும் ஏற்ற முடியாது.

டெங்கு காலத்தில் தட்டணு கொடுப்பது வேறு வகை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். ரத்தத்தை எடுத்து, தட்டணுக்களைப் பிரித்துக்கொண்டு மீதியை நமக்கே திருப்பி ஏற்றும். உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் உதடு மரத்துப் பரபரவென்றிருக்கும்; சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒன்று தருவார்கள். ஐம்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டது என்று பதறி ஓடிவரும் குடும்பங்களை அங்கே பார்த்திருக்கிறேன். ரத்தக்கசிவு இல்லாவிட்டால் பத்தாயிரத்துக்குக் கீழே போகும்வரை பெரும்பாலும் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை என்று மருத்துவர்கள் தலைதலையாய் அடித்துக்கொள்வார்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் எண் கொடுக்கிற பயத்துக்கு மருத்துவர் பேச்சு எடுபடாது.

2020 மார்ச் கடைசியில் ஊர் அடங்கியபோது எனக்கு முதலில் நினைவு வந்தது சிவராம்பள்ளிக் கூடம்தான். கல்லூரி இல்லை, அலுவலகம் இல்லை, முகாம் இல்லை. தலசீமியாவுக்கு ஊரடங்கு கிடையாது. ஏப்ரலில் என் முறை. மனைவி முதல்முறையாகப் போக வேண்டாம் என்றாள். ரத்த வங்கியிலிருந்து போனில் அனுப்பிய கடிதத்தை வைத்துக்கொண்டு கிளம்பினேன். முஷீராபாத் சந்திப்பில் போலீஸ்காரர் நிறுத்தினார். படித்தார். "சார், என்னுது ஓ பாசிட்டிவ். ட்யூட்டி முடிச்சு எட்டு மணிக்கு வந்தா எடுப்பாங்களா?" என்றார். மறு வருடம் தடுப்பூசி வந்தபோது ஊசிக்குப் பின் 28 நாள் கொடுக்கக் கூடாது என்றார்கள். இளைஞர்களெல்லாம் ஊசி போடக் கிளம்பினால் அலமாரி காலியாகிவிடும் என்ற கவலை எழுந்தது. 2021 மே மாதம் அதை 14 நாளாகக் குறைத்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மகளுக்கு வரன் பார்த்தோம். எல்லாம் கூடிவந்த பிறகு நான் ஒன்று சொன்னேன்: மாப்பிள்ளைக்கு ஹெச்.பி.ஏ.2 என்ற ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். பெண்ணின் மாமியாராகப் போகிறவர் முகம் மாறியது. "ஏன் அண்ணா, எங்க பையனுக்கு என்ன குறை?" பையிலிருந்து என் மகளின் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். தலசீமியாவைச் சுமப்பவருக்கு எந்த நோயும் தெரியாது. பத்து மைல் ஓடுவார், ரத்தம்கூடக் கொடுத்திருப்பார். அப்படிச் சுமப்பவர்கள் இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். ஒருவருக்கு இல்லையென்றால் குழந்தைக்கு அந்தக் கடும் நோய் வராது. என் மகளுக்கு இல்லை. ஆகவே கல்யாணத்துக்கு இது தடையே ஆகாது, ஆனாலும் உங்கள் குடும்பத்தில் மற்ற பிள்ளைகளுக்காகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சம்பந்தி கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்பது பொருத்தம் பாத்தாச்சு, பத்தாவதா இதையும் பாத்துடலாம்" என்றார். மாப்பிள்ளையும் அவர் தம்பியும் மறுநாளே கொடுத்தார்கள்.

இதை நான் கற்றது அந்த ஆதிலாபாத்காரரிடம். அன்று விடைபெறும்போது, ரத்தம் கொடுங்கள், கூடவே இந்தச் சோதனையைப் பற்றி நாலு பேரிடம் சொல்லுங்கள், என் பையனோடு இந்தக் கூடம் நின்றுபோகட்டும் என்றிருந்தார்.

சட்டப்படி 65 வயதுவரை கொடுக்கலாம். எனக்கு அந்த வயது எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. குடியிருப்பில் உள்ள ஐ.டி. பையன்கள் என்னைப் பார்த்தால், "அங்கிள், எமர்ஜென்சின்னா சொல்லுங்க, நடுராத்திரினாலும் வரேன்" என்பார்கள். சொன்னால் நிச்சயம் வருவார்கள். நான் அவர்களிடம் கேட்பது நாலு தேதி. இதுவரை இரண்டு பேர் காலண்டரில் குறித்திருக்கிறார்கள். நாள் பார்த்துக் கொடுக்கும் வேலை 65-இல் என்னைவிட்டுப் போய்விடும். கல்யாண வீடுகளில் போய் அந்தச் சங்கடமான பரிசோதனையைப் பற்றிப் பேசுவதற்கு வயது வரம்பு இல்லை.